உலோகம் வெட்டுதலில் வேகமும் விசையும் – வரலாறு

லேத் எனப்படும் கடைசல் எந்திரம், துருவல் எந்திரம், துளையிடும் எந்திரம் முதலியவற்றில் உலோகத்தை வெட்டி உருவாக்கும்போது, வெட்டுளியின் முனையைக் கடந்து வேலைப்பொருளின் பரப்பு செல்லும் வேகம் வெட்டு வேகம் எனப்படுகிறது. வேலைப்பொருளிலிருந்து சீவலைப் பிரித்தெடுக்க வெட்டுளி செலுத்த வேண்டிய விசை வெட்டு விசை ஆகும். வேகத்தைக் கூட்டினால் விசையும் அதே அளவில் கூடும் என்று தோன்றலாம். உண்மையில் விசை சிறிதளவே மாறுகிறது. பல நேரங்களில் குறையவும் செய்கிறது. வேகத்தோடு விரைந்து கூடுவது வெப்பம். அந்த வெப்பமே வெட்டுளியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

பொறியாளர்கள் இவ்வுண்மையை உணர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. உணர்ந்தபின் வெட்டுளி எஃகு, எந்திரங்களின் அமைப்பு, பட்டறையில் வேகத்தை முடிவு செய்யும் உரிமை ஆகிய மூன்றுமே மாறின.

அடிப்படை அளவுகள்

வெட்டு வேகம் நிமிடத்திற்கு இத்தனை மீட்டர் என்று அளக்கப்படுகிறது. லேத்தில் இதைக் கணக்கிட வேலைப்பொருளின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை 3.14 ஆலும் நிமிடச் சுழற்சி எண்ணிக்கையாலும் பெருக்கி, 1000 ஆல் வகுக்க வேண்டும். 50 மி.மீ. விட்டமுள்ள தண்டு நிமிடத்திற்கு 200 முறை சுழன்றால் வெட்டு வேகம் நிமிடத்திற்கு 31.4 மீட்டர். அதே சுழற்சியில் 100 மி.மீ. தண்டின் வெட்டு வேகம் இதைப்போல் இரு மடங்கு. எனவே சுழற்சி வேகமும் வெட்டு வேகமும் ஒன்றல்ல.

வெட்டு வேகத்துடன் மேலும் இரண்டு அளவுகள் சேர்கின்றன. ஒரு சுழற்சிக்கு வெட்டுளி முன்னேறும் தொலைவு ஊட்டம். வெட்டுளி உலோகத்துக்குள் இறங்கும் அளவு வெட்டு ஆழம். சீவலின் குறுக்குப் பரப்பைத் தீர்மானிப்பவை இவ்விரண்டுமே. வெட்டு விசை பெரும்பாலும் இந்தக் குறுக்குப் பரப்பையும் உலோகத்தின் வலிமையையும் பொறுத்தது.

எந்திரத்துக்குத் தேவையான திறன், விசையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும். 1000 நியூட்டன் விசையில் நிமிடத்திற்கு 60 மீட்டர், அதாவது நொடிக்கு 1 மீட்டர், வேகத்தில் வெட்ட 1 கிலோவாட் திறன் வேண்டும். வேகத்தை இரட்டிப்பாக்கும்போது விசை 900 நியூட்டனாகக் குறைந்தாலும் திறன் 1.8 கிலோவாட் ஆகிவிடும். விசை மாறாவிட்டாலும் திறன் கூடும் என்பது பின்னர் எந்திர வடிவமைப்பையே மாற்றிய உண்மையாகும்.

ரம்ஃபோர்டின் பீரங்கி

உலோகம் வெட்டும்போது வெப்பம் தோன்றுவதை முதன்முதலில் கவனமாக அளந்தவர்களுள் ஒருவர் ரம்ஃபோர்டு பிரபு எனப்பட்ட பெஞ்சமின் தாம்சன். மியூனிக் நகர ஆயுதச்சாலையில் பித்தளைப் பீரங்கிகள் குடையப்படும்போது அவை மிகவும் சூடாவதை அவர் கண்டார். மழுங்கிய குடைகருவி ஒன்றை உலோகத்தின் மீது அழுத்தி, குதிரைகளின் உதவியால் பீரங்கி வார்ப்பை நிமிடத்திற்கு ஏறத்தாழ 32 முறை சுழலச் செய்தார். சுற்றியிருந்த பெட்டியில் ஊற்றப்பட்ட நீர் இரண்டரை மணி நேரத்தில் கொதித்தது. இச்சோதனையை அவர் 1798 இல் இலண்டன் ராயல் கழகத்தில் வெளியிட்டார்.

வெப்பம் ஒரு பாய்மம் என்ற அக்காலக் கொள்கையை எதிர்ப்பதே அவர் நோக்கம். ஆகவே இச்சோதனை இயற்பியல் வரலாற்றில் இடம் பெற்றது. வெட்டுவதற்குச் செலவாகும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகிறது என்ற செய்தியும் அதிலேயே இருந்தது. ஆனால் பட்டறைகளில் அதை யாரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

விசையைத் தேடிய காலம்

19 ஆம் நூற்றாண்டில் நீராவி எந்திரங்களும் இரயில் பாதைகளும் பெருகியபோது உலோக வேலை பல மடங்கானது. அப்போது ஆய்வாளர்கள் எழுப்பிய முதல் கேள்வி, குறிப்பிட்ட அளவு உலோகத்தை அகற்ற எவ்வளவு வேலை தேவை என்பதாகும். 1851 இல் காக்கியா என்பவர் துளையிடுவதற்குத் தேவையான வேலையை அளந்தார். 1870 இல் இரஷ்யரான இவான் தீமே, சீவல் எவ்வாறு உருவாகிறது என்று விளக்கினார். கோடரி விறகைப் பிளப்பதுபோல் வெட்டுளி உலோகத்தைப் பிளப்பதில்லை. முனைக்கு முன்னால் உள்ள உலோகம் படலம் படலமாகச் சறுக்கிச் சீவலாகிறது என்பது அவர் கண்டது. பிரான்சில் திரெஸ்கா 1873 இலும், இங்கிலாந்தில் மாலக் 1881 இலும் தம் ஆய்வுகளை வெளியிட்டனர். சீவலுக்கும் வெட்டுளிக்கும் இடையேயுள்ள உராய்வின் முக்கியத்துவத்தை மாலக் எடுத்துக்காட்டினார்.

இவர்கள் அனைவரின் கவனமும் விசையின் மீதே இருந்தது. பட்டறையில் இருந்த சிக்கலோ வேறு. எந்த வேகத்தில் ஓட்டினால் வெட்டுளி விரைவில் மழுங்காது என்பதே அங்கு அன்றாடம் எழுந்த கேள்வி. அதற்கான விடை அனுபவமுள்ள தொழிலாளியின் கையிலும் கண்ணிலும் இருந்தது. ஒரே நகரின் இரு பட்டறைகளில், ஒரே வேலைக்கு, ஒன்றுக்கொன்று பொருந்தாத வேகங்கள் வழக்கில் இருந்தன.

அக்கால வெட்டுளிகள் கார்பன் எஃகினால் ஆனவை. ஏறக்குறைய 250 டிகிரி செல்சியசைத் தாண்டினால் இந்த எஃகு மென்மையாகத் தொடங்கும். 1868 இல் இங்கிலாந்தின் ராபர்ட் முஷெட், டங்ஸ்டன் கலந்த எஃகைக் கண்டுபிடித்தார். நீரில் தோய்க்காமல் காற்றில் ஆறவிட்டாலே இது கடினமானது. வெப்பத்தை ஓரளவு தாங்கும் ஆற்றலும் இதற்கு இருந்தது. ஆனால் பல பட்டறைகள் இதைக் கடினமான உலோகங்களை வெட்ட மட்டுமே பயன்படுத்தின. வேகத்தைக் கூட்டுவதற்கான வாய்ப்பாக இதைப் பார்க்கவில்லை.

டெய்லரின் இருபத்தாறு ஆண்டுகள்

ஃபிரெடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 1878 இல் பிலடெல்பியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். விரைவிலேயே லேத் தொழிலாளர்களின் மேற்பார்வையாளரானார். ஒரு நாளில் எவ்வளவு வேலை முடியும் என்பதில் அவருக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே ஓயாத மோதல் நிகழ்ந்தது. சரியான வேகம் எது என்பது அவருக்கும் உறுதியாகத் தெரியாது. எந்த வெட்டுளி, எந்த வேகம், எந்த ஊட்டம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காண, 1880 இல் ஆலைத் தலைவர் வில்லியம் செல்லர்சின் அனுமதியுடன் சோதனைகளைத் தொடங்கினார். ஆறு மாதங்களில் முடியும் என்று எண்ணப்பட்ட அப்பணி இருபத்தாறு ஆண்டுகள் நீண்டது.

இரயில் எஞ்சின் சக்கரங்களுக்குரிய பெரிய எஃகு வளையங்கள் சோதனைப் பொருளாயின. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்வது அவரது முறை. வெட்டு வேகத்தைப் பாதிக்கும் பன்னிரண்டு காரணிகளை அவர் வகைப்படுத்தினார். உலோகத்தின் தன்மை, வெட்டுளி எஃகின் வேதி இயைபு, வெட்டுளியின் வடிவம், வெட்டு ஆழம், சீவலின் தடிப்பு, குளிர்விக்கும் நீர், அதிர்வு, இரு சாணை பிடிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் முதலியன அவற்றுள் அடங்கும். வெட்டும் இடத்தில் நீரைப் பெருக்காக ஊற்றினால் வேகத்தை 30 முதல் 40 விழுக்காடு வரை கூட்டலாம் என்று அவர் கண்டார். நீர் விசையைக் குறைத்ததால் இந்த ஆதாயம் கிடைக்கவில்லை. அது வெப்பத்தை அகற்றியதே காரணம்.

விசை பற்றிய சோதனைகளும் நடந்தன. 1883 இல் செய்த அளவீட்டில், நன்றாக மழுங்கிய வெட்டுளியை ஊட்டத் திசையில் தள்ளுவதற்கு, உலோகத்தை வெட்டுவதற்கு வேண்டிய அளவு விசையே தேவைப்படலாம் என்று தெரிந்தது. அதன்பின் மிட்வேல் ஆலை, ஊட்ட அமைப்பு வலிமையாக உள்ள எந்திரங்களையே வாங்கத் தொடங்கியது.

1906 டிசம்பரில் அமெரிக்க எந்திரப் பொறியாளர் கழகத்தின் தலைவராக டெய்லர் ஆற்றிய உரையில் இவ்வாய்வுகள் முழுமையாக வெளிவந்தன. அவர் தந்த கணக்கின்படி பதிவு செய்யப்பட்ட சோதனைகள் 30,000 முதல் 50,000 வரை. சீவலாக்கப்பட்ட இரும்பும் எஃகும் 8,00,000 பவுண்டுக்கு மேல். செலவு ஏறத்தாழ 1,50,000 முதல் 2,00,000 டாலர்.

அதிவேக எஃகு

1898 இல் டெய்லர் பெத்லகேம் எஃகு ஆலைக்குச் சென்றார். அங்கு உலோகவியலாளர் மவுன்செல் ஒயிட்டுடன் இணைந்து வெட்டுளி எஃகுகளின் வெப்பப் பதப்படுத்தலை ஆராய்ந்தார். 850 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே சூடாக்கினால் எஃகு கெட்டுவிடும் என்பது கொல்லர்கள் தலைமுறைகளாக நம்பிவந்த விதி. இருவரும் வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்திச் சோதித்தனர். டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த எஃகு அந்த எல்லையில் கெடவே செய்தது. ஆனால் ஏறக்குறைய 940 டிகிரியைத் தாண்டியதும் அதன் வெட்டும் திறன் உயர்ந்தது. உருகுநிலையை நெருங்கும்வரை சூடாக்கியபோது மேலும் உயர்ந்தது. இவ்வாறு பதப்படுத்தப்பட்ட வெட்டுளி, ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்திலும் கடினத்தன்மையை இழக்காமல் வெட்டியது. இவ்வழியில் உருவானதே அதிவேக எஃகு.

1900 ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் இது இயக்கிக் காட்டப்பட்டது. வெட்டுளியின் முனை மங்கிய செந்நிறத்தில் ஒளிர, நீலம் பாய்ந்த சீவல்கள் சுருண்டு விழுந்தன. அந்நிலையிலும் முனை மழுங்கவில்லை. பார்த்த ஐரோப்பியப் பொறியாளர்களுக்கு இது நம்புதற்கரிய காட்சியாக இருந்தது.

டெய்லரின் அளவீடுகளின்படி, ஒரே வகை நடுத்தர எஃகை வெட்டும்போது கார்பன் எஃகு வெட்டுளிக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகமே ஏற்றது. முஷெட் எஃகுக்கு அது 8 மீட்டர். தொடக்க கால அதிவேக எஃகுக்கு 18 மீட்டர். 1906 இல் கிடைத்த சிறந்த அதிவேக எஃகுக்கு 30 மீட்டர். கால் நூற்றாண்டில் வேகம் ஆறு மடங்கானது.

இம்மாற்றத்தால் பழைய லேத்துகள் திணறின. சீவலின் பரப்பு அதுவாகவே இருந்தால் விசை பெரிதும் மாறாது. ஆனால் வேகம் மும்மடங்கானால் தேவைப்படும் திறனும் ஏறக்குறைய மும்மடங்காகும். தோல்பட்டைகள் வழுக்கின, பற்சக்கரங்கள் உடைந்தன. எந்திரங்களின் சட்டகமும் இயக்க அமைப்பும் புதிதாக வடிவமைக்கப்பட வேண்டியதாயிற்று.

டெய்லரும் ஒயிட்டும் 1901 இல் பெற்ற காப்புரிமைகளை 1909 இல் அமெரிக்க நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்தது. அதற்குள் அதிவேக எஃகு பல நாடுகளில் உற்பத்தியாகிவிட்டது.

வெட்டுளி ஆயுள் சமன்பாடு

டெய்லர் விட்டுச்சென்றவற்றுள் இன்றும் பாடநூல்களில் நிலைத்திருப்பது வெட்டுளி ஆயுள் சமன்பாடு. வெட்டு வேகத்தை, வெட்டுளி ஆயுளின் ஒரு குறிப்பிட்ட அடுக்கால் பெருக்கினால் கிடைக்கும் மதிப்பு மாறாதது என்பதே அதன் பொருள். அதிவேக எஃகுக்கு அந்த அடுக்கு ஏறக்குறைய எட்டில் ஒன்று.

இச்சிறிய எண்ணின் விளைவு பெரிது. வேகத்தை 9 விழுக்காடு கூட்டினால் வெட்டுளியின் ஆயுள் பாதியாகும். 20 விழுக்காடு கூட்டினால் ஏறக்குறைய கால் பங்காகும். இரட்டிப்பாக்கினால் 256 இல் ஒரு பங்கே எஞ்சும். கார்பைடு வெட்டுளிக்கு அடுக்கைக் கால் எனக் கொண்டால், வேகம் இரட்டிப்பாகும்போது ஆயுள் 16 இல் ஒரு பங்காகும். ஊட்டமும் வெட்டு ஆழமும் ஆயுளை இந்த அளவுக்குப் பாதிப்பதில்லை. அதிக உலோகத்தை அகற்ற விரும்புவோர் முதலில் ஆழத்தையும், அடுத்து ஊட்டத்தையும், இறுதியாகவே வேகத்தையும் கூட்ட வேண்டும் என்ற பட்டறை விதி இதிலிருந்தே பிறந்தது.

நழுவுகோலும் தொழிலாளரும்

பன்னிரண்டு காரணிகளையும் கையால் கணக்கிடுவது இயலாத செயல். பெத்லகேமில் டெய்லருடன் பணியாற்றிய கார்ல் பார்த், ஸ்லைடு ரூல் எனப்படும் நழுவுகோல்களை இதற்கென உருவாக்கினார். கணிதம் அறியாதவரும் அரை நிமிடத்திற்குள் ஒரு வேலைக்குரிய வேகத்தையும் ஊட்டத்தையும் இவற்றில் காண முடிந்தது.

இதனால் உற்பத்தி பெருகியது. அதேவேளை, வேகத்தை முடிவு செய்யும் உரிமை தொழிலாளியிடமிருந்து திட்டமிடும் அலுவலகத்துக்கு மாறியது. முன்பு சீவலின் நிறத்தையும் வெட்டும் ஒலியையும் கொண்டு வேகத்தைத் தீர்மானித்த கைவினைஞர், இப்போது அட்டையில் எழுதித் தரப்பட்ட வேகத்தில் ஓட்ட வேண்டியவரானார். இதே முறை நிறுத்துகடிகாரத்துடன் பிற வேலைகளுக்கும் பரவியது. 1911 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில், நிறுத்துகடிகாரத்தால் தம் வேலையை அளப்பதை எதிர்த்து வார்ப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. 1912 சனவரியில் டெய்லர் அதன்முன் சாட்சியம் அளித்தார். பின்னர் இராணுவ ஆலைகளில் நிறுத்துகடிகாரத்தால் வேலையை அளப்பதற்கு நிதிச் சட்டங்கள் மூலம் தடை விதிக்கப்பட்டது.

உலோகத்துக்கு ஏற்ற வேகத்தைச் சோதனையால் கண்டறிய முடியும். ஒரு மனிதர் நாள் முழுவதும் எந்த வேகத்தில் உழைக்க வேண்டும் என்பதையும் அவ்வாறே கண்டறியலாம் என்ற கருத்தே எதிர்ப்புக்கு உள்ளானது.

வெப்பத்தை அளத்தல்

1920களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஷோர், ஜெர்மனியில் கோட்வைன், இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஆகிய மூவரும் தனித்தனியே ஓர் எளிய முறையைக் கையாண்டனர். வெட்டுளியும் வேலைப்பொருளும் இரு வேறு உலோகங்கள். அவை தொடும் இடம் சூடாகும்போது சிறு மின்னழுத்தம் பிறக்கும். இவ்வாறு வெட்டும் இடத்தையே வெப்பமின்னிரட்டையாகக் கொண்டு வெப்பநிலையை அளந்தனர். வேகம் கூடும்போது வெப்பநிலையும் கூடுவதை எண்களாகக் காண முடிந்தது.

இதே காலத்தில் வெப்பத்தை மேலும் தாங்கும் வெட்டுளிகள் வந்தன. 1923 இல் பெர்லினில் கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட்டுடன் சேர்த்து இறுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். குரூப் நிறுவனம் இதை விடியா என்ற பெயரில் 1927 லைப்சிக் சந்தையில் அறிமுகம் செய்தது. வைரத்தைப் போன்றது என்னும் பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அப்பெயர். இவ்வகை வெட்டுளி 900 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலும் வெட்டக்கூடியது.

1931 இல் ஜெர்மானியரான கார்ல் சாலமன் பெற்ற காப்புரிமை ஒன்று நெடுங்கால விவாதத்தைத் தொடங்கிவைத்தது. குறிப்பிட்ட வேகம் வரை வெப்பநிலை உயரும்; அதையும் தாண்டி வேகத்தைப் பல மடங்கு கூட்டினால் வெப்பநிலை குறையத் தொடங்கும் என்றார் அவர். பிற்காலச் சோதனைகள் இதைப் பொது விதியாக உறுதிப்படுத்தவில்லை. வேகம் கூடக்கூட வெப்பநிலை உயர்வின் வீதம் குறைகிறது; வெப்பநிலை வேலைப்பொருளின் உருகுநிலையை நோக்கி நெருங்குகிறது.

அலுமினியத்தை மிக உயர்ந்த வேகத்தில் வெட்ட முடிவதற்கும் காரணம் இதுவே. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். கார்பைடு வெட்டுளி தாங்கும் எல்லை அதற்கு மேலே உள்ளது. எனவே வேகத்தை நிமிடத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் கொண்டுசென்றாலும் வெட்டுளி பிழைக்கிறது. எஃகின் உருகுநிலை 1,500 டிகிரியை ஒட்டியும், டைட்டானியத்தின் உருகுநிலை 1,668 டிகிரியாகவும் இருப்பதால் அவற்றுக்கு இச்சலுகை இல்லை. டைட்டானியம் வெப்பத்தைக் கடத்துவதிலும் மந்தமானது. வெப்பம் சீவலோடு வெளியேறாமல் வெட்டுமுனையிலேயே தேங்குகிறது. அதனால் கார்பைடைக் கொண்டும் அதைக் குறைந்த வேகத்திலேயே வெட்டுகின்றனர்.

விசை ஏன் குறைகிறது?

வேகத்தால் விசை எவ்வாறு மாறுகிறது என்பதற்கான தெளிவான இயக்கவியல் விளக்கம் 1940களில் கிடைத்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி துருவல் எந்திர நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் எர்ன்ஸ்ட், யூஜின் மெர்ச்சன்ட் ஆகியோர், சீவல் ஒரு சாய்தளத்தின் வழியே சறுக்கி உருவாவதாகக் கொண்டு விசைகளைக் கணக்கிட்டனர். மெர்ச்சன்ட் 1945 இல் வெளியிட்ட விசை வட்டம் இன்றும் கற்பிக்கப்படுகிறது. பின்லாந்தின் பீஸ்பானென் 1937 இலேயே சீட்டுக்கட்டு சரிவதைப் போன்ற ஒப்பான மாதிரியை வெளியிட்டிருந்தார்.

இவ்விளக்கத்தின்படி சறுக்குத் தளத்தின் கோணமே முதன்மையானது. கோணம் சிறிதானால் சறுக்கும் பரப்பு பெரிதாகும், சீவல் தடிக்கும், விசை கூடும். கோணம் பெரிதானால் சீவல் மெலியும், விசை குறையும். எஃகு போன்ற உலோகங்களில் வேகத்தைக் கூட்டும்போது பொதுவாகப் பின்வரும் மாற்றங்கள் நிகழ்கின்றன:

• குறைந்த வேகத்தில் வேலைப்பொருளின் உலோகம் வெட்டுமுனையில் கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. அது வளர்வதும் உடைவதுமாக இருப்பதால் விசை ஏறி இறங்குகிறது, பரப்பு சொரசொரப்பாகிறது.
• வேகம் கூடியதும் வெப்பத்தால் இந்த ஒட்டுக்கட்டி மறைகிறது. பரப்பு வழவழப்பாகிறது.
• சீவலும் வெட்டுளியும் தொடும் இடத்தில் உலோகம் மென்மையாகி உராய்வு குறைகிறது. சறுக்குக் கோணம் பெரிதாகி விசை குறைகிறது.
• அதற்கு மேல் விசை ஏறக்குறைய நிலையாகிவிடுகிறது. வெப்பம் உலோகத்தை மென்மையாக்கும் அதேவேளை, விரைவான உருமாற்றம் அதன் எதிர்ப்பைக் கூட்டுகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன.

விசை சீரடைந்து பரப்பு மேம்படும் அந்த வேகத்திலேயே வெட்டுளியின் தேய்மானமும் விரைவடைகிறது. ஆகவே விசைமானியின் குறைந்த அளவீட்டை மட்டும் நம்பி வேகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இன்றைய வேகத் தேர்வு

வெட்டுளி ஆயுள் முடிந்ததை இன்று கண்ணால் மட்டும் முடிவு செய்வதில்லை. 1977 இல் வெளிவந்த பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் 3685 எண் தரம், கடைசல் வெட்டுளியின் பக்கவாட்டுத் தேய்மானம் சராசரியாக 0.3 மி.மீ. ஆவதை ஓர் அளவுகோலாகக் கொள்கிறது.

ஆயுள் மிக நீண்டிருக்கும் வேகமே சிறந்த வேகம் என்று கொள்வதும் பொருந்தாது. மெதுவாக வெட்டினால் எந்திர நேரமும் கூலியும் கூடும். விரைந்து வெட்டினால் வெட்டுளிச் செலவும் அதை மாற்றும் நேரமும் கூடும். இரண்டையும் கூட்டினால் செலவு மிகக் குறைவாக இருக்கும் ஒரு வேகம் இடையில் கிடைக்கும். உற்பத்தி மிகுதியாகும் வேகம் அதைவிடச் சற்று உயர்ந்திருக்கும். மலிவான வெட்டுளி, விலையுயர்ந்த எந்திரம் என்ற நிலையில் வேகத்தைக் கூட்டுவதும், நேர்மாறான நிலையில் குறைப்பதும் இதனால்தான்.

கணினி வழி இயங்கும் எந்திரங்களில் வேகம் நிரல் மூலம் தரப்படுகிறது. வெட்டுளி உற்பத்தியாளர்களின் பட்டியல்கள் தொடக்க மதிப்புகளைத் தருகின்றன. அப்பட்டியல்களின் அடிப்படையில் இருப்பது டெய்லர் கண்ட அதே உறவு. உலோகத்தின் நிலை, எந்திரத்தின் உறுதி, குளிர்விப்பு ஆகியவற்றைப் பொறுத்து அம்மதிப்புகளை ஒவ்வொரு பட்டறையும் திருத்திக்கொள்கிறது. சீவலின் நிறத்தையும் வெட்டும் ஒலியையும் கவனிக்கும் பழைய திறமைக்கு அங்கு இன்றும் வேலை உண்டு.